லாக்ஸ்டன் ஊர்மன்றமும் மூன்று வயல்களும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, களிமண் பூமியில் இருக்கும் சிற்றூர் லாக்ஸ்டன். 1086ஆம் ஆண்டு எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டிலேயே அதன் பெயர் வருகிறது. நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு ஊருக்கு வடக்கே இன்றும் நிற்கிறது. தூய மைக்கேல் ஆலயத்துக்குள் எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பெண்மணியின் உருவம் மரத்தில் செதுக்கப்பட்டது. பழைய கோயிலும் கோட்டையும் அந்நாட்டில் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. லாக்ஸ்டனின் பெருமை வேறொன்று. மூன்று பொது வயல்களைச் சுழற்சி முறையில் பயிரிட்டு, அதை ஊர்மன்றம் கூடி மேற்பார்வை செய்யும் இடைக்கால வழக்கம் இந்த ஓர் ஊரில் மட்டுமே தொடர்கிறது. ‘கோர்ட் லீட்’ என்பது அம்மன்றத்தின் பெயர்.

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒவ்வொரு வயலும் வேலியும் வரப்பும் இல்லாத ஒரே பரப்பு. அதற்குள் உழவர் ஒவ்வொருவருக்கும் நீண்ட பட்டைகளாக நிலம் பிரிந்து கிடக்கும். ஒரு பட்டை மேட்டில், ஒன்று பள்ளத்தில், இன்னொன்று ஓடையோரத்தில். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வந்தன. கனத்த களிமண்ணில் எருது பூட்டிய ஏரை அடிக்கடி திருப்புவது கடினம். அதனால் சால் நீண்டது. சால் நீண்டதால் பட்டையும் நீண்டது.

ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இதுதான் வேளாண்மை. பின்பு வேலியடைப்பு வந்தது. 1604 முதல் 1914 வரை இதற்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5,200க்கும் மேல். அடைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். பட்டைகள் ஒன்று சேர்க்கப்பட்டுத் தனிப் பண்ணைகளாயின. மேய்ச்சல் உரிமையை மட்டுமே நம்பியிருந்த ஏழைக் குடிகள் அதை இழந்தார்கள். உழவர் வீடுகள் ஊரை விட்டு வயலுக்கு நடுவே பெயர்ந்தன. லாக்ஸ்டனிலும் வேலியடைப்பு பாதி நடந்தது, முழுமை பெறவில்லை. நிலம் வைத்திருந்த மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் ஒத்துப்போகாததே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எப்படியானாலும் வயல்கள் தப்பின. பண்ணை வீடுகளும் ஊர்த்தெருவை ஒட்டியே இன்றும் இருக்கின்றன.

அந்தப் பழைய ஊரைக் காண ஓர் அரிய ஆவணமும் இருக்கிறது. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் ஊரை அளந்து வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பட்டை பட்டையாக யாருடைய நிலம் எது என்று காட்டும் அந்தப் படத்தில், உழுபவர்களும் அறுப்பவர்களும் வேட்டையாடுபவர்களும் சிறு உருவங்களாக வரையப்பட்டிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வயலில் நடந்தால் வழிகளையும் வயல்களையும் அடையாளம் காணலாம். பட்டைகளின் எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள்.

இனி மன்றத்துக்கு வருவோம். நவம்பர் இறுதியில், கோதுமை விதைத்து முடிந்த பிறகு, ஜூரி நாள் வரும். அவ்வாண்டின் ஜூரியாகப் பதவிப் பிரமாணம் செய்த ஊரார் கோதுமை வயலுக்குப் புறப்படுகிறார்கள். பட்டை பட்டையாகப் பார்க்கிறார்கள். யாராவது பொது வழியை ஒரு சால் அதிகம் உழுது சேர்த்துக்கொண்டாரா, புல்வெளிக்குள் கொழு இறங்கியதா, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று கவனிக்கிறார்கள். எல்லை கலைந்த இடத்தில் புது முளை அடிக்கிறார்கள். பிறகு ஊரின் டவ்காட் விடுதியில் பகலுணவோடு அமர்ந்து தவறுகளைப் பேசி அபராதம் குறிக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் மன்றம் கூடும். நில உரிமையாளரின் சார்பில் ‘ஸ்டூவர்ட்’ எனப்படும் மேலாளர் தலைமை வகிப்பார். ஜூரியின் அறிக்கை வாசிக்கப்படும், அபராதம் உறுதியாகும், அடுத்த ஆண்டுக்கான ஜூரி பிரமாணம் எடுத்துக்கொள்ளும். அபராதம் சிறு தொகைதான். ஆனால் அண்டை வீட்டார் முன்னிலையில் தன் பெயர் வாசிக்கப்படுவதை யார் விரும்புவார்? ஜூரியில் இருப்பவரும் அதே வயலில் உழுபவர் என்பதால், ஒரு சால் எப்படித் தவறும், எது வேண்டுமென்றே நடந்தது என்பது அவருக்குத் தெரியும். வெளியூர் அதிகாரி ஒருவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

1977இல் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்களித்தது. பிற ஊர்களின் மன்றங்கள் சடங்காக எஞ்சின. இது உண்மையான வேலை செய்யும் மன்றமாகத் தொடர்கிறது.

வயல்களுக்கு இடையே தாழ்வான இடங்களில் ‘சைக்’ எனப்படும் புல்வெளிகள் உண்டு. நீர் வடியும் நிலமாதலால் அவற்றில் ஏர் இறங்கவில்லை. கோடையில் அவற்றின் புல்லை ஏலம் விடுவார்கள். உழவும் ரசாயன உரமும் படாததால், வேறு இடங்களில் அருகிப்போன காட்டுப் பூச்செடிகள் இங்கே செழித்திருக்கின்றன. இயற்கையைக் காப்பாற்ற வேண்டுமென்று எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. புல்வெளியின் ஓரத்தைக் கூட உழவிடாத ஊர்மன்றத்தின் கண்டிப்பே பூக்களையும் காத்தது.

உரிமையாளர்கள் பலமுறை மாறியிருக்கிறார்கள். 1938இல் ஆர்வின் தம்பதியர் எழுதிய நூல் இவ்வூரின் அருமையை அறிஞர்களுக்கு எடுத்துரைத்தது. 1952இல் ஆறாம் மான்வர்ஸ் பிரபு தம் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது கிரவுன் எஸ்டேட்டிடம் போனது. 2020இல் மான்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. இத்தனை கைமாற்றத்திலும் மன்றம் கூடுவது நிற்கவில்லை.

டிராக்டருக்குக் குறுகிய பட்டை வசதியானது அல்ல. சிறு பண்ணையால் இன்று குடும்பம் நடத்துவதும் எளிதல்ல. அடுத்த தலைமுறை உழவில் நிற்காவிட்டால் ஜூரிக்கு ஆள் இருக்காது. அப்போது எந்தச் சட்டமும் இந்த மன்றத்தைக் காப்பாற்றாது. ஆகவே ஆதரவு முதலில் சேர வேண்டியது அங்கே உழுகிறவர்களுக்கு.

இங்கிலாந்தில் வடக்கு நோக்கிப் பயணம் செய்யும் அன்பர்களே, ஒரு பகலை லாக்ஸ்டனுக்கு ஒதுக்குங்கள். வயல்களினூடே நடைவழிகள் இருக்கின்றன. விதைத்த நிலத்தில் கால் வைக்காமல் வழியிலேயே நடந்து பாருங்கள்.