தோற்றவர் எங்கே உட்காருவது?

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் நாலு பிள்ளைகள் விளையாடச் சேர்வதே அபூர்வம். அதில் ஒருவன் அரைமணியில் அவுட் ஆகி, மீதி நேரம் வேடிக்கை பார்த்தால்? சீட்டுகளைக் காசு கொடுத்துச் சேகரித்து ஆடும் விளையாட்டுகளில் இது பழைய தலைவலி.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993ல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' அடிப்படையில் இருவர் ஆட்டம். 20 உயிர்ப்புள்ளி தீர்ந்தால் தோல்வி. உடனே அடுத்த ஆட்டம் போடலாம். பலர் ஆடும்போதுதான் சிக்கல். வெளியேறுபவரின் சீட்டுகள், அடுத்தவர் வசம் இருந்தாலும், அவரோடு போய்விடும் என்பது விதி. கையில் இருப்பது வேறு, உரிமை வேறு. வங்கிக்காரனுக்கு இது சொல்லாமலே புரியும் :-) சொத்துக் கணக்கு தீர்ந்தது. தோற்றவரின் கதி?

அதே கார்ஃபீல்ட் பலருக்காகவே செய்த ஆட்டம் 1994ல் 'ஜிஹாட்' என்று வந்து, 1995ல் 'வேம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்' ஆனது. ஆளுக்கு 30 புள்ளி கையிருப்பு. இடப்பக்கம் இருப்பவர் உங்கள் இரை. அவரை வீழ்த்தினால் ஒரு வெற்றிப்புள்ளி, கூடவே கையிருப்பில் 6 சேரும். கடைசிவரை நிற்பவருக்கும் ஒரு வெற்றிப்புள்ளி. ஆக, ஐவரில் மூவரை வீழ்த்தியவர் நான்காமவரிடம் தோற்று வெளியேறினாலும், 3-2 என்று ஜெயித்தவர் அவரே!

சும்மா உட்காருவதை இதுவும் ஒழிக்கவில்லை. ஆனால் சம்பாதித்தது அவர் பெயரிலேயே வரவில் நிற்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடும்போதும் இப்படி ஒரு வரவுக் கணக்கு எழுதிப் பாருங்கள். அவுட் ஆனவன் முகம் தொங்காது.