வெயிலுக்கு ஊரைப் பிரித்தவர்கள்

முத்துக்குளித்த காலத்துத் துபாயில் கோடை வந்தால் ஊர் இரண்டாகப் பிரியும். உடலில் வலுவுள்ள ஆண்கள் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ படகேறிக் கடலுக்குப் போய்விடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் ஒட்டகத்தில் மூட்டைமுடிச்சை ஏற்றிக்கொண்டு பேரீச்சந்தோப்பு உள்ள ஊர்களுக்குப் போவார்கள். மறுபடி எல்லோரும் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட செப்டம்பர் ஆகிவிடும். நான் இந்த ஊரில் கட்டுமான வேலைகளுக்கு அட்டவணை போடுகிறவன். எந்த மாதம் எந்த வேலை, எந்த நேரத்தில் எத்தனை ஆள் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு முன்னால் இதே வெயிலுக்கு அட்டவணை போட்டவர்களின் கதையை நான் தேடித் தேடிக் கேட்பதற்கு அதுவே காரணம்.

இருப்பதிலேயே கடினமான வேலையை இருப்பதிலேயே கொடிய வெயிலில் ஏன் வைத்தார்கள்? கடல்தான் காரணம். குளிர்காலத்தில் வளைகுடாத் தண்ணீர் சில்லிட்டுப் போகும். ஒரு நாளைக்குப் பல பத்து முறை மூழ்கி எழ உடம்பு தாங்காது. வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்றும் கடலைக் கொந்தளிக்க வைக்கும். கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே ஏறத்தாழ நான்கு மாதம் படகே வீடு. ஆமை ஓட்டிலோ கொம்பிலோ செய்த கவ்வியை மூக்கில் மாட்டி, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார். கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர் மேலே நிற்பார். வயிறு நிறைந்தால் மூழ்க முடியாது என்பதால் பகலெல்லாம் பேரீச்சம்பழமும் காப்பியும்தான். சோறும் மீனும் இருட்டிய பிறகே. புறப்படும் முன் நகுதா, அதாவது படகுத் தலைவர், கொடுத்த முன்பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. விளைச்சல் பொய்த்தால் அந்தக் கடன் அடுத்த கோடைக்கும், சில நேரம் மகனுக்கும் போனது.

எங்கள் கீழக்கரைக்கும் முத்து புதிதல்ல. ஆனால் மன்னார் வளைகுடாவில் குளிக்கும் காலம் வேறு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழும் முன், மாசி பங்குனியை ஒட்டிக் கடல் அடங்கிக் கிடக்கும் சில வாரங்கள்தான். இரண்டு இடத்துக் காலமும் மோதிக்கொள்ளாததால், 1900களின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் நடந்த பெரிய முத்துக்குளிப்புகளுக்கு வளைகுடா அரபுகளும் வந்தார்கள்; எங்கள் ஊர் ஆட்கள் மூழ்கிய அதே கடலடி முத்துப் பார்களில் மூழ்கினார்கள். துபாய்க்கும் எங்களுக்கும் உள்ள உறவு விசாவில் தொடங்கியதல்ல என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கரையிலிருந்து கிளம்பிய மற்ற பாதியின் பயணத்துக்கு மகீழ் என்று பெயர். அல் ஐன், புரைமி, லீவா, ஹத்தா, ராஸ் அல் கைமா என்று அவரவர் வசதிக்கும் உறவுக்கும் ஏற்ப இடம் மாறும். பகலில் நிழல் கண்ட இடத்தில் படுத்து, இரவில் நடந்து, பல நாள் கழித்துத் தோப்பு போய்ச் சேர்வார்கள். வெப்பமானியை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஆகஸ்ட் நண்பகலில் அல் ஐன் துபாயைவிடச் சூடு அதிகம். ஆனால் அது உலர்ந்த சூடு. வியர்வை உடனே காயும், ராத்திரி உடம்பு ஆறும். கடற்கரையில் காற்றே ஈரமாகத் தொங்கும். வியர்வை வழியுமே தவிர உலராது, விடியும்வரை புழுக்கம் இறங்காது. தோப்பில் நிழல் இருந்தது. மலையடியிலிருந்து தண்ணீரைக் கொண்டு வரும் ஃபலஜ் வாய்க்கால் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேரீச்சை பழுக்கும் காலமே அதுதான். பாதி கனிந்து சாறு ததும்பும் ருதப் பழம் ஜூனில் தொடங்கி மரத்துக்கு மரம் கனிந்துகொண்டே வரும். வெயிலுக்குத் தப்பிப் போன பயணமே ஆண்டு முழுவதுக்குமான பழத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு செலவில் இரண்டு வேலையை முடிக்கிற இந்தத் திட்டத்தை, தொழில் முறையில் பார்த்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

போக முடியாமல் ஊரில் தங்கியவர்களுக்கு ஓலை வீடு. பேரீச்ச மட்டையைக் கோத்துக் கட்டிய அரீஷ் வீட்டின் சுவர் வழியாகவே காற்று நுழையும். காசுள்ளவர்களுக்குக் காற்றுக் கோபுரம். ஈரானியக் கரையில் சுங்க வரி ஏறியபோது பஸ்தக், லிங்கா பக்கத்து வணிகர்கள் வரிச்சலுகை கிடைத்த துபாய்க்குக் குடிபெயர்ந்து, பவளக்கல்லும் ஜிப்சமும் கொண்டு வீடு கட்டினார்கள். அவர்களோடு வந்தது பர்ஜீல். நான்கு பக்கமும் திறந்த கோபுரம். உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர்கள். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஒரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கும், எதிர்ப் பக்கம் அறைச் சூட்டை வெளியேற்றும். அவர்கள் குடியேறிய பஸ்தகியாவில், இப்போது அல் ஃபஹீதி என்கிறார்கள், அதன் கீழே நின்றால் தலைமுடி அசையும். ஆனால் காற்றில் ஈரம் ஏறிய ஆகஸ்டில் அது குளிர்விக்காது, அசைக்கும், அவ்வளவுதான். கோபுரம் வைத்திருந்த குடும்பங்களிலும் பலர் கோடைக்கு ஊரை விட்டுப் போனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் நாள் குறித்தது வானம். ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி விடியற்காலையில் தென்கிழக்கே சுஹைல் நட்சத்திரம் முதல் முறை தெரியும். நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே நட்சத்திரம். அங்கிருந்து ஆண்டைப் பத்துப் பத்து நாளாகப் பகுத்து எண்ணும் கணக்குக்கு துரூர் என்று பெயர். எந்தப் பத்தில் எந்த மீன் கரைக்கு வரும், எப்போது விதைக்கலாம், எப்போது கடல் புரளும் என்பதெல்லாம் அதில் அடக்கம். சுஹைல் தெரிந்த மறுநாளே வெயில் தணிந்துவிடாது. இரவு மெல்ல நீளும், புழுக்கம் படிப்படியாக விடும். தோப்பில் இருந்தவர்களுக்குத் திரும்பும் எண்ணம் அதிலிருந்துதான் தொடங்கும்.

இந்த ஏற்பாடு வேகமாகக் குலைந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் வளர்த்தெடுத்த வளர்ப்பு முத்தும் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் முத்து வணிகத்தை முறித்தன. 1960களில் மின்சாரம் பரவியது, 1966-இல் எண்ணெய் கண்டார்கள், ஏசி வந்தது. தோப்புக்குப் போகும் பயணம் ஒரு தலைமுறைக்குள் பாட்டிகளின் பேச்சில் மட்டும் மிஞ்சியது. 1970களில் வந்த என் வாப்பா துபாயின் தேராப் பகுதியில் ஒரே அறையில் பலரோடு தங்கி, கோடை இரவில் மொட்டை மாடியில் பாயை நனைத்துப் போட்டுப் படுத்தவர். ஏசி எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

இன்றைக்கும் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. வெளியே நின்று வேலை செய்கிறவருக்கு ஏது ஏசி? 2005 முதல் கோடையில் நண்பகல் ஓய்வு சட்டமாக இருக்கிறது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12:30-லிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது.  இதைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் ஓய்வு கடிகாரத்தைப் பார்த்து விடப்படுகிறது. உடம்பை வதைப்பது சூட்டோடு சேர்ந்த ஈரம். ஆகஸ்ட் இரவுகளில் சைட்டில் நிற்கும்போது அது தெரியும். கான்கிரீட்டை ஊற்றும்போது அதன் சூடு 32 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. அதற்காக ஐஸ் கலந்த தண்ணீரில் கலக்கி, வெயில் இறங்கிய பின் ஊற்றுகிறோம்; ஈரச் சாக்கைப் போர்த்திக் காக்கிறோம். கான்கிரீட்டுக்கு டிகிரிக் கணக்கு இருக்கிறது. அதை ஊற்றும் ஆளுக்கும், இரவு வேலையில்கூட, சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அளந்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோடை அட்டவணையோடும் எழுதிக் கொடுக்கிறேன். சில இடங்களில் ஏற்கிறார்கள்.

பழைய பிரிவினையும் வேறு ஆட்களிடம் தொடர்கிறது. ஜூலையில் பள்ளிக்கூடம் மூடியதும் டிக்கெட் விலை ஏறுகிறது. நம் குடும்பங்களில் பெண்களும் பிள்ளைகளும் சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் விமானம் ஏறுகிறார்கள். ஆண்கள் இங்கேயே நின்று உழைக்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிப்பதால் ஹீட்டரை அணைத்து வைத்து, அதற்குள்ளேயே அறைச் சூட்டுக்கு ஆறிய தண்ணீரில் குளிக்கிறார்கள். கேம்ப்பில் இருக்கிறவருக்குக் குடும்பம் வந்து போகும் கணக்கே இல்லை. வருடம் முழுவதும் அவர் கடலில் இருப்பவர்தான். எங்கள் அடுத்த தளத்துக்கான கான்கிரீட் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வருகிறது. இரவு வேலைக் குழுவை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி உட்கார வைக்கும்படி இந்த முறை அட்டவணையிலேயே ஆள் கூட்டிப் போட்டிருக்கிறேன்.