மூடுபனி விளக்குக் குமிழும் கார் வயரிங்கும்

மூடுபனி விளக்கு என்பது வாகனத்தின் முன் பம்பரில், முகப்பு விளக்குக்குக் கீழே, சாலையை ஒட்டி அகலமாக ஒளி பரப்பும்படி பொருத்தப்படும் துணை விளக்காகும். பேச்சுவழக்கில் இதனை ஃபாக் லைட் என்றும் ஃபாக் லேம்ப் என்றும் சொல்கிறார்கள். இதன் குமிழ், அதாவது பல்பு, எரிந்துபோனால் மாற்றுவது பெரிய வேலை அல்ல. ஆனால் மாற்றிய பல்பு பழையதைவிட அதிக மின்சாரம் இழுத்தால், அதன் விளைவு பல்பில் தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, உருகிய ஹோல்டரிலோ கருகிய வயரிலோதான் தெரியும். தமிழகச் சாலைகளில் இந்தச் சிக்கல் எப்படி உருவானது, பல்பைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை காவிரிப் படுகையின் கடைக்கோடி ஊரான முத்துப்பேட்டையை முன்வைத்துச் சொல்கிறது.

டெல்டாவின் பனியும் உப்பும்

முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது. பாமணியாறு, கோரையாறு போன்ற காவிரியின் கிளைகள் இவ்வூருக்குத் தெற்கே அலையாத்திக் காட்டையும் கடற்கழியையும் அடைந்து பாக் நீரிணையில் கலக்கின்றன. வடக்கே நெல்வயல். ஊரைத் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு புறம் திருத்துறைப்பூண்டிக்கும் மறுபுறம் அதிராம்பட்டினத்துக்கும் போகிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலும் தையிலும், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் ஈர வயல்கள் விரைவாகக் குளிர்கின்றன. தரையை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகி, விடியற்காலையில் வெண்மையாகப் படிந்து நிற்கிறது. வட இந்தியச் சமவெளியைப் போல நாள்கணக்கில் நீடிப்பதில்லை. வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆனால் சம்பா அறுவடைக்காலத்து வண்டிகளும் அதிகாலைப் பேருந்துகளும் ஓடும் நேரமும் அதுதான்.

மூடுபனியில் முகப்பு விளக்கின் உயர் ஒளியைப் போட்டால், கோடிக்கணக்கான நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரே ஒரு வெள்ளைச் சுவர் நிற்பதுபோல் இருக்கும். மூடுபனி விளக்கு தாழ்வாக வைக்கப்படுவதும், அதன் ஒளிக்கற்றை மேல்விளிம்பில் வெட்டியதுபோல் முடிவதும் இதனால்தான். இங்கே உதவுவது ஒளியின் வடிவம், அளவு அன்று. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; ஆகவே அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சளில் கூச்சம் குறைவாகத் தெரிகிறது என்பவர்கள் உண்டு, அது கண்ணின் வசதி. பிரான்சு நாடு 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை தன் கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கைச் சட்டமாகவே வைத்திருந்தது.

பனியை விட இவ்வூர் வண்டிகளுக்குத் தீராத பகை உப்புக்காற்று. பம்பருக்குள் தரைக்கு அருகில் இருக்கும் மூடுபனி விளக்கின் கனெக்டரில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு மின்தடையைக் கூட்டும். இதற்கான கணக்கைப் பின்னர் பார்க்கலாம்.

கார்பைடு விளக்கிலிருந்து பேட்டரிக்கு

முதல் மோட்டார் வண்டிகளின் விளக்குகளுக்கு வயரே இல்லை. எண்ணெய் விளக்குகளுக்குப் பின் கால்சியம் கார்பைடில் நீரைச் சொட்டவிட்டு, எழும் அசிட்டிலீன் வாயுவை எரித்தார்கள். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டருடனும் மின்விளக்குடனும் வந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டைனமோ, பேட்டரி, விளக்கு மூன்றையும் ஒரே தொகுதியாக விற்றது. அப்போது தொடங்கியது கார் வயரிங்.

தொடக்கத்தில் பல கார்கள் 6 வோல்ட்டில் ஓடின. ஒரே வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே வயர் தடிமனாக இருந்தது. 1950களில் 12 வோல்ட் பொதுவானபோது மின்னோட்டம் பாதியானது, வயரும் மெலிந்தது. செம்பு விலையுள்ள பொருள். தேவைக்கு மேல் தடிமனான வயரை எந்தத் தயாரிப்பாளரும் போடுவதில்லை. பழுது பார்ப்பவர் மறந்துவிடக்கூடாத செய்தி இது. வண்டியோடு வந்த பல்பின் வாட் அளவுக்கு ஏற்பத்தான் அதன் வயர் அளக்கப்பட்டிருக்கிறது.

தமிழகத்தில் மோட்டார்த் தொழிலின் முன்னோடியான டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 1911இல் மதுரையில் தொடங்கியது. அதே குழுமம் பிரிட்டனின் லூகாசுடன் சேர்ந்து 1961இல் உருவாக்கிய லூகாஸ்–டிவிஎஸ், சென்னைப் பாடியில் வாகன மின்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. காவிரிப் படுகையில் தனியார் பேருந்துகளே பெரும்பாலும் ஓடிய நிலை மாறி, 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளின் வயரிங் எளியது. ஆட்டோ எலக்ட்ரீசியன் கையில் ஒரு டெஸ்ட் லாம்பு இருந்தால் போதும். ஆனால் அக்காலப் பிரித்தானிய வடிவக் கார்கள் பலவற்றில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

நூறு வாட் காலம்

டங்ஸ்டன் இழையைக் குவார்ட்ஸ் குமிழுக்குள் ஹாலஜன் வாயுவுடன் அடைத்தால் அதே மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சமும் நீண்ட ஆயுளும் கிடைக்கும். 1962இல் ஐரோப்பாவில் எச்1 என்ற முதல் வாகன ஹாலஜன் குமிழ் வந்தது. பிறகு வந்த எச்3, சிறு வயர்வாலுடன், பல்லாண்டுகள் மூடுபனி விளக்கின் குமிழாகவே அறியப்பட்டது. 1971இல் வந்த எச்4, ஒரே குமிழில் இரண்டு இழைகளைக் கொண்டது; அதன் அளவு 60/55 வாட்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் கார் நடுத்தரக் குடும்பத்தின் பொருளாகத் தொடங்கியது. வெளிச்சம் போதவில்லை என்பது இரவுச் சாலையில் ஓட்டியவர்கள் எல்லோரின் குறை. சந்தை அதற்குக் கொடுத்த விடை 100/90 வாட் எச்4 பல்பு. எச்3 பல்பிலும் 100 வாட் கிடைத்தது. பழைய பல்பு இருந்த துளையில் அப்படியே உட்கார்ந்தது, போட்டவுடன் சாலை வெளுத்தது. யாருக்கும் சந்தேகம் எழ வழியில்லை.

கணக்கு இதுதான். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8.3 ஆம்பியர். வயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வாட் இரு மடங்குகூட ஆகாதபோதே வயரின் சூடு 3.3 மடங்காகிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடும்.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். இரண்டு 55 வாட் பல்புகளுக்குச் சேர்த்து 9.2 ஆம்பியர், அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 100 வாட்டானால் 16.7 ஆம்பியர். பிளேடு ஃபியூஸ் தன் அளவைவிடப் பத்து விழுக்காடு கூடிய சுமையை மணிக்கணக்கில் தாங்கும்படியே செய்யப்படுகிறது, ஆகவே 16.7 ஆம்பியரில் அது உடனே உருகாது. வயர் சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் உருகும்போது, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூசை எடுத்துவிட்டுப் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகுவது நம்மூரில் அரிய காட்சி அல்ல. ஃபியூஸ் இருப்பது பல்பைக் காக்க அன்று, வயரைக் காக்க. அதனைப் பெரிதாக்கினால் அடுத்து உருகுவது வயரின் உறைதான்.

களிம்பின் கணக்கும் இங்கே சேர்கிறது. கனெக்டர் முனையில் 0.1 ஓம் தடை ஏறியிருந்தால், 55 வாட் பல்பில் அவ்விடத்தில் சுமார் 2 வாட் வெப்பம் எழும். 100 வாட் பல்பில் அதுவே 7 வாட். விரல்நகம் அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் 7 வாட் என்பது ஹோல்டரைப் பழுப்பாக்கிப் பின் இளக்கிவிடப் போதுமானது. முத்துப்பேட்டை, வேதாரண்யம், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பல்பு மாற்றும்போது கனெக்டரைக் கழற்றிப் பார்க்காமல் விடக்கூடாது என்பது இதனால்தான். பச்சை படிந்திருந்தால் முனையைத் துடைத்து, ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழுப்பேறிய கனெக்டரில் புதுப் பல்பு போடுவது வீண்; கனெக்டரை முதலில் மாற்ற வேண்டும். கழற்றும்போது பூட்டை அமுக்கி இழுக்க வேண்டுமே தவிர வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது.

நூறு வாட்டுக்குத் துணையாக வந்தது ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த வயரும் தனி ஃபியூசும் வைத்து, 30, 87 என்று எண்ணிட்ட முனைகள் வழியாக விளக்குக்கு மின்சாரம் கொடுப்பார்கள். பழைய சுவிட்ச் வயர் 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டும் இயக்கும். முறையாகச் செய்தால் இது வயரிங்கையும் சுவிட்சையும் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் விளக்கின் பிளாஸ்டிக் கண்ணாடியையும் உள்பூச்சையும் காப்பாற்றாது. எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணையும் காப்பாற்றாது. முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டும் வழக்கம் கூசும் வெளிச்சத்துக்கு எதிராகத்தான் வந்தது. அதிக வாட் பல்பை வாங்கிப் போட்டு, பிறகு அதன் மேல் கறுப்பு ஒட்டுவது விசித்திரமான பொருளாதாரம்.

ஒரே அடிப்பகுதி, வேறு வாட்

இன்றைய கார்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. எச்8, எச்9, எச்11, எச்16 ஆகிய நான்கு குமிழ்களும் பார்வைக்கு உடன்பிறந்தவை. அடிப்பகுதியில் உள்ள சிறு பிளாஸ்டிக் காதுகள் மட்டுமே வேறுபடும். ஆனால் எச்16 வெறும் 19 வாட், எச்8 35 வாட், எச்11 55 வாட், எச்9 65 வாட். தவறான குமிழ் உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்தக் காதுகள். அதைக் கத்தியால் சீவி உட்காரவைத்து விடுவது கடையில் ஒரு நிமிட வேலை.

19 வாட்டுக்கு அளந்த வயரில் 55 வாட் குமிழ் போட்டால் மின்னோட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கு, வெப்பம் எட்டு மடங்குக்கும் மேல். இணையாக இரண்டும் சேர்ந்து 9.2 ஆம்பியர்தான், 10 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. பழைய நூறு வாட் பல்பைவிட இது ஆபத்தானது என்பேன். 55 வாட் என்பது பெட்டியிலும் இயல்பான எண்ணாக இருப்பதால் யாரும் ஐயப்படுவதில்லை. 27 வாட் அளவுள்ள எச்27 வகை இருக்கும் இடத்தில் 55 வாட்டுக்கு மாறும் முயற்சிக்கும் இதே கதிதான். வெப்பம் நான்கு மடங்கு.

ஆகவே கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது காரின் பெயரை அல்ல, கழற்றிய பல்பின் அடிப்பகுதியை. வகையும் வோல்ட்டும் வாட்டும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பே யாராவது தவறான பல்பைப் போட்டிருக்கலாம் என்பதால், கையேட்டிலுள்ள பல்பு அட்டவணையோடும் விளக்குக் கூட்டின் பின்புறம் அச்சிட்ட குறியோடும் ஒப்பிட வேண்டும். ஒரே காரின் வெவ்வேறு ஆண்டு மாதிரிகளில் வெவ்வேறு குமிழ்கள் இருப்பதுண்டு. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால், அந்தக் குமிழ் ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்றது. ஹாலஜன் குமிழின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி ஆயுளைக் குறைக்கும். விளக்கை அணைத்து, ஆறவிட்டு மாற்றுவது நல்லது.

சட்டமும் இதில் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

எல்இடி வந்தபின்

எல்இடி மாற்றுக் குமிழ் குறைந்த மின்சாரமே இழுக்கும். வயருக்குச் சுமை இல்லை. சிக்கல் வேறு இடங்களில். ஹாலஜன் இழை இருந்த அதே புள்ளியில் எல்இடியின் ஒளி அமையாவிட்டால், வெட்டியதுபோல் முடிய வேண்டிய மேல்விளிம்பு கலைந்து ஒளி மேலே தெறிக்கும். பனியில் மீண்டும் வெள்ளைச் சுவர்தான். இன்னொன்று, பல்பின் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் கார்களில் எல்இடி குறைவாக இழுப்பதை 'பல்பு போய்விட்டது' என்று கணினி அறிவிக்கும். அதை ஏமாற்ற இணைக்கும் 6 ஓம் தடையம், 14 வோல்ட்டில் 33 வாட்டை வெப்பமாகவே வெளியிடும். அதனைப் பிளாஸ்டிக் மீதோ வயர்க் கட்டின் மீதோ கட்டிவைத்தால் உருகும். ஹாலஜன் விளக்கில் எல்இடி குமிழ் போடுவதற்கு ஜெர்மனி 2020இல்தான் முதன்முறை ஒப்புதல் கொடுத்தது. அதுவும் குறிப்பிட்ட கார் மாதிரிகளுக்கு மட்டும்.

புதிய கார்கள் பலவற்றில் மூடுபனி விளக்கே எல்இடியுடன் மூடி ஒட்டப்பட்ட ஒரே துண்டாக வருகிறது. அதில் மாற்றுவதற்குத் தனிக் குமிழ் கிடையாது. பழுதானால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும்; செலவு கூடுதல். பின்னால் உள்ள இரு முனைக் கனெக்டர் மட்டும் பழையதுபோலவே இருக்கிறது, கடலோரத்தில் அதில் களிம்பும் பழையபடியே ஏறுகிறது.