கிளரன்ஸ் விஜேவர்தன

கிளரன்ஸ் விஜேவர்தன (1943 ஓகஸ்ட் 3 – 1996 டிசம்பர் 13) இலங்கைக் கிட்டார் கலைஞர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர். பிறந்த ஊர் அப்புத்தளை. நானுஓயாவில் பதுளை ரயில் ஏறினால் பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன தாண்டி வரும் தேயிலைப் பட்டணம் அது.

1960களின் நடுப்பகுதியில் சிங்கள மெல்லிசைக்கு இரண்டு வழிகள் இருந்தன. வானொலியின் சரள கீதங்கள் சித்தார், வயலின், புல்லாங்குழல், தபேலாவோடு வந்தன. பாடகர் அமரதேவ அந்த வழியின் சிகரம். நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் போன்ற கலிப்சோ குழுக்களோ பெட்டிக் கிட்டாரோடு மேடையேறின. கிளரன்ஸும் அன்னஸ்லி மாலேவனவும் 1966இல் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. காரணம் கிளரன்ஸின் மின்கிட்டார். பாட்டின் முகப்பையும் இடையிசையையும் அதுவே பேசியது. சொல்லோ வீட்டு முற்றத்துப் பேச்சு: ‘மேங்கோ நந்தா’, ‘கலு மாமே’ என உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் வேடிக்கைப் பாட்டுகள். வித்துவான்கள் சிலர் முகஞ்சுளித்தாலும் இளைஞர் விடவில்லை. குழுவை வானொலிக்கு அறிமுகப்படுத்தியவர் அறிவிப்பாளர் விஜய கொரியா.

சொல், மெட்டு, கிட்டார் மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. ஆயினும் அவருடைய பெரிய திறமை பிறர் குரலுக்கு எழுதியதுதான் என்று தோன்றுகிறது. தன் குரல் மென்மையானது, வீச்சுக் குறைந்தது என்பதை அறிந்தவர்போல, மாலேவனவின் கனத்த குரலுக்கும் இந்திராணி பெரேராவின் தெளிந்த குரலுக்கும் வெவ்வேறு அளவில் மெட்டுத் தைத்தார்.

1970களின் தொடக்கத்தில் மூன்ஸ்டோன்ஸைவிட்டு கோல்டன் சைம்ஸ் குழுவை அமைத்தார். பின்னர் மாலேவனவும் வந்து சேர, அது சூப்பர் கோல்டன் சைம்ஸ் ஆனது. எச்.டி. பிரேமரத்ன இயக்கிய ‘சிகுருலியா’ (1975), ‘அபேக்ஷா’ (1978) படங்களுக்கும் இசையமைத்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாட்டை மேடைமேடையாகக் கொண்டுபோன காலமும் ஏறக்குறைய இதுவே. இரு மொழிப் பாட்டுகளுக்கும் பைலாத் தாளம் பொதுச் சொத்து. ஆனால் கிளரன்ஸ் அந்தத் தாளத்தில் அதிகம் தங்கவில்லை, நிதானமான காதல் பாட்டுகளிலேயே அவர் கைவண்ணம் கூடுதல்.

குழுக்கள் கலைந்த பிறகு தனியாகப் பாடினார். 53 வயதில் காலமானார். அவருடைய மெட்டுகளை மாலேவன அதன் பின்னும் பல ஆண்டுகள் மேடைகளில் பாடினார்.