ஹாவார்ட் மறுத்த மாணவன்

நீண்டகால நண்பர் ஒருவரின் பேரன் அண்மையில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இரு பல்கலைக்கழகங்களில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிதித்துறையில் தொழில் புரிவதே அவருடைய நோக்கம். எதனைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி. ஐந்தொகையைக் கண்டாலே தலைசுற்றும் ஒரு பழைய பத்திரிகைக்காரனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்றுதான் முதலில் எண்ணினேன். ஆயினும், இதே கேள்வி 1950 இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து இளைஞர் ஒருவரை எதிர்கொண்ட வரலாறு நினைவுக்கு வந்தது. அவர் வோரன் பஃபெட். அவருடைய கதையைச் சொல்வதற்கு அவருடைய ஆசிரியரிடமிருந்தே தொடங்கவேண்டும்.

பெஞ்சமின் கிரஹாம் 1894 இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயோர்க்கிற்குக் கொண்டுவரப்பட்டவர். குடும்பப் பெயர் அன்று குரொஸ்பாம். 1903 இல் தந்தை இறந்தார். கடனில் பங்கு வாங்கிய தாயார் 1907 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் தம்மிடமிருந்த சிறிதளவு பணத்தையும் இழந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசிலே அந்தச் சிறுவனின் ஒரே நம்பிக்கை. அதுவும் கிடைக்கவில்லை. கட்டணமற்ற சிற்றி கொலிஜில் சேர்ந்தார். மனம் ஒட்டாமல் விலகிக் கூலி வேலைகளுக்குச் சென்றார். மறுமுறை விண்ணப்பித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஏற்கெனவே கொலம்பியாவில் பயின்றுகொண்டிருந்த, அதே குடும்பப் பெயர் கொண்ட ஒன்றுவிட்ட சகோதரருடன் அவரை அலுவலகத்தினர் குழப்பிக்கொண்டிருந்தனர். ஓர் எழுதுவினைஞரின் தவறு ஓர் இளைஞனின் வாழ்வில் ஓராண்டைக் கவர்ந்துகொண்டது. நமது திணைக்களங்களில் அலைந்து பழகிய வாசகர்களுக்கு இது வியப்பளிக்காது.

1914 இல் பட்டம் பெற்றபோது ஆங்கிலம், தத்துவம், கணிதம் ஆகிய மூன்று துறைகளும் அவரைக் கற்பிக்க அழைத்தன. வீட்டு நிலைமை அதற்கு இடந்தரவில்லை. கல்லூரிப் பீடாதிபதி கெப்பலின் பரிந்துரையில், வோல் ஸ்ட்ரீட் தரகு நிறுவனமொன்றில் வாரம் 12 டொலர் சம்பளத்தில் சேர்ந்தார். 1920களின் இறுதியில் அவர் கொலம்பியாவுக்குத் திரும்பியது மாணவனாக அல்ல, மாலைநேர விரிவுரையாளராக. அவ்விரிவுரைகளுக்குக் குறிப்பெடுத்த டேவிட் டொட்டுடன் இணைந்து எழுதிய பங்குப் பகுப்பாய்வு நூல் 1934 இல் வெளிவந்தது. அன்றைய சந்தையில் உண்மையாகவே விலை கூறப்பட்டுக்கொண்டிருந்த பங்குகளையே அவர் வகுப்பில் உதாரணமாக எடுத்துக்கொள்வார். ஆதலால், பட்டத்தில் நாட்டமில்லாத தரகர்களும் அங்கு வந்து அமர்ந்தனர்.

இனிப் பஃபெட். தந்தை பங்குத் தரகர். பின்னர் காங்கிரஸ் உறுப்பினர். பதினோராவது வயதில் பங்கு வாங்கத் தொடங்கிய மகன், தந்தையின் விருப்பத்திற்கிணங்க 1947 இல் பென்சில்வேனியாவின் வார்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்காவின் வணிகக் கல்லூரிகளில் மூத்தது அது. 1881 இல் தொடங்கப்பட்டது. பேராசிரியர்களைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்ற எண்ணத்துடன் இரண்டு ஆண்டுகளில் வெளியேறி, ஊரிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டத்தை முடித்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

மேற்படிப்புக்கு அவர் குறிவைத்தது ஹாவார்ட் வணிகக் கல்லூரியை. நேர்முகத் தேர்வுக்காகச் சிக்காகோவுக்குப் புகையிரதத்தில் சென்றார். பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. பதில், மறுப்பு.

ஹாவார்ட்டைக் குறைகூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. 1908 இல் தோன்றிய அக்கல்லூரி முகாமையாளர்களை உருவாக்கும் நிறுவனம். ஒரு கம்பனியின் நெருக்கடியை மாணவர்முன் வைத்து, நீ தலைவனாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பதே அதன் போதனாமுறை. தனியே அமர்ந்து ஆண்டறிக்கைகளைப் படிப்பதில் இன்பம் கண்ட, வயதுக்குக் குறைந்த தோற்றமுடைய இளைஞர் அதன் அச்சுக்குள் அடங்காதவர். பஃபெட்டின் நெடுங்காலக் கூட்டாளி சார்ளி மங்கரை, முதற்பட்டமே இல்லாத நிலையில், அதே ஹாவார்ட்டின் சட்டக் கல்லூரி ஏற்று 1948 இல் பட்டம் வழங்கியதையும் இங்கு குறிப்பிடவேண்டும்.

மனம் தளர்ந்திருந்த அந்தக் கோடையில் கொலம்பியாவின் கைநூலைப் புரட்டியவர், கற்பிப்போர் பட்டியலில் கிரஹாம், டொட் என்ற இரு பெயர்களைக் கண்டார். அவர்களுடைய எழுத்தை ஏற்கெனவே படித்திருந்தவர் அவர். இருவரும் இறந்துவிட்டார்கள் என்றே எண்ணியிருந்ததாகப் பின்னாளில் வேடிக்கையாகக் கூறியிருக்கிறார். காலம் கடந்திருந்தபோதிலும் டொட்டுக்குக் கடிதம் எழுதினார். நேர்முகத் தேர்வின்றியே இடம் கிடைத்தது.

அங்கு கற்றது வகுப்பறையில் மட்டுமன்று. கைக்கோ என்ற காப்புறுதி நிறுவனத்தின் தலைவராகத் தம் ஆசிரியர் இருப்பதை அறிந்த பஃபெட், 1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வொஷிங்டனுக்குச் சென்று அதன் பூட்டிய கதவைத் தட்டினார். காவலாளி திறந்தார். மேல்மாடியில் வேலை செய்துகொண்டிருந்த லோரிமர் டேவிட்சன் என்ற அதிகாரி, முன்பின் அறியாத மாணவனுக்குக் காப்புறுதித் தொழிலின் நுட்பங்களை ஏறக்குறைய நான்கு மணிநேரம் விளக்கினார். 1996 இல் அந்த நிறுவனம் முழுமையாகப் பஃபெட்டின் பேர்க்ஷயர் ஹதவேக்குச் சொந்தமாயிற்று.

பட்டம் பெற்றதும் சம்பளமின்றியே வேலை செய்வதாகக் கிரஹாமிடம் கேட்டார். ஆசிரியர் மறுத்துவிட்டார். வோல் ஸ்ட்ரீட்டின் பெரிய நிறுவனங்கள் யூதர்களுக்குக் கதவடைத்திருந்த காலம். தம் சிறிய அலுவலகத்தின் இடங்களை யூத இளைஞர்களுக்கென அவர் வைத்திருந்தார். அபிமான மாணவனுக்கும் அதில் விலக்கில்லை. மூன்று ஆண்டுகளின் பின், 1954 இல்தான் அழைப்பு வந்தது.

இதில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு விடயம் உண்டு. 1956 இல் கிரஹாம் தமது முதலீட்டு நிறுவனத்தை மூடிவிட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். கொலம்பியாவின் அந்த வகுப்பை ரோஜர் மரே பொறுப்பேற்றார். மரேயும் தேர்ந்த ஆசிரியரே. ஆனால், பஃபெட் ஆறேழு ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால், கொலம்பியாவின் கைநூலில் அவர் தேடிய பெயர் இருந்திராது. கட்டடமும் பெயரும் அப்படியே இருந்திருக்கும்.

நண்பரின் பேரனுக்கு இதனையெல்லாம் நான் எழுதவில்லை. இரு பல்கலைக்கழகங்களிலும் நிதித்துறைப் பாடங்களை இப்பொழுது யார் கற்பிக்கிறார்கள், அவர்கள் எழுதியவற்றில் எதையாவது படித்ததுண்டா என்று மட்டும் கேட்டிருந்தேன். முதலாவது கேள்விக்கு அவர் நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.