மராமத்தும் அசலும்

‘மராமத்து’ என்னும் சொல் அரபு மூலமுடையது என்பதை அறியாமலே நம் தமிழ் மக்கள் அதனைப் பன்னெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடிச் செப்பனிடுவது குடிமராமத்து; அரசின் பொதுப்பணிகளுக்குப் பொறுப்பான துறை பொதுமராமத்து இலாகா. பழுதுற்றதைச் சீர்செய்தல் என்னும் பொருளுடைய ‘ரம்ம’ என்ற வினையடியிற் பிறந்து, பாரசீகத்தின் வழியாக அரசாங்கக் கணக்கேடுகளில் ஏறி நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. ‘அசல்’ என்பதும் அவ்வாறே. ‘அஸ்ல்’ என்றால் வேர், மூலம். ‘நகல்’ என்பது ‘நக்ல்’. இம்மூன்று சொற்களையும் அண்மையில் ஒரே மாலைப்பொழுதில் நாம் கேட்டது மதரஸாவில் அன்று. காஞ்சிபுரம் ஒலிமுகம்மது பேட்டைப் பக்கத்தில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் முன்னே.

முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அவ்வீடு முற்காலத்தில் நெசவாளர் வீடு. முன்கூடத்தில் தறி போய்விட்டது. தறிக்குழி மட்டும் எஞ்சியிருக்கிறது. அக்குழியில் காலை இறக்கி அமர்ந்தால், தரையில் நிறுத்திய வண்டியின் இஞ்சின் கைக்கு நேராக வருகிறது. இதைவிட வசதியான பட்டறை வேறில்லை என்று சிரிக்கிறார் அவர். பகலில் கடை வேலை. இரவிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இந்த வேலை. அவர் செப்பனிடுவது 1960களில் செய்யப்பட்ட ‘புல்லட்’ வண்டி.

அவ்வண்டியின் வரலாறு நம் மாவட்டத்திற்கும் அயலானதன்று. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ‘புல்லட்’ என்ற பெயரை 1930களிலேயே வழங்கத் தொடங்கிற்று. விடுதலைக்குப் பின், எல்லைக் காவலுக்கேற்ற வண்டியென இந்திய அரசு இதனைத் தேர்ந்தது. அதன் பயனாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவது மட்டுமே வேலை. அச்சுகளும் கருவிகளும் பின்னர் சென்னைக்கே வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1967இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் வண்டி உற்பத்தியே நின்றது. சென்னையில் நிற்கவில்லை. 1977இல் நம்மவர் செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன. மூலம் மறைந்தது, நகல் வாழ்ந்தது என்பதா? அல்லது நகலே அசலாயிற்று என்பதா? இலக்கணக்காரர்கள் தீர்க்கட்டும். அந்நிறுவனத்தின் புதிய ஆலைகள் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் எழுந்தன. இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களே.

பழைய வண்டியின் மராமத்து பொறுமையைச் சோதிக்கும் தொழில். அதன் திருகாணிகள் ஆங்கிலேயரின் விட்வொர்த் முதலிய பழைய அளவுகளில் அமைந்தவை. இக்கால மில்லிமீட்டர் ஸ்பேனர் அவற்றிற் சரியாகப் பொருந்தாது. வலிந்து திருகினால் முனை மழுங்கிப்போகும். ஆதலால் நம் மாணவர் கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் ஒரு துணிப்பையிலிட்டு, அது இருந்த இடத்தைச் சீட்டில் எழுதி வைக்கிறார். உருளையின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். அதிலிருந்தே 346 சி.சி. என்ற கணக்கு வருகிறது. தேய்ந்த உருளையை லேத் பட்டறையில் சிறிதே அகலக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தவேண்டும். கிடைக்காத பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் நாட்கணக்காக அலைய வேண்டும்.

பிஸ்டனும் தண்டும் எமக்கு ஒரு பழைய கிதாபை நினைவூட்டின. அப்பாஸியக் கலீஃபாக்களின் பக்தாதில் மூஸாவின் புதல்வர் மூவர், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், ஏறத்தாழ நூறு பொறிகளை விவரித்து ‘கிதாபுல் ஹியல்’ எழுதினர். அவர்களுக்குப் பின், தியார்பக்கிரில் அர்த்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, ஹிஜ்ரி 602இல் (1206) தம் பெருநூலை முடித்தார். அதிலுள்ள நீரிறைக்கும் பொறியொன்றில், சக்கரத்தின் சுழற்சி எதிரெதிரான இரு உருளைகளுக்குள் உந்துதண்டுகளின் முன்பின் ஓட்டமாக மாறுகிறது. மோட்டார் சைக்கிளில் நிகழ்வது இதன் மறுதலை: முன்பின் ஓட்டம் சுழற்சியாகிறது. அல்ஜஸரீயின் தனிச்சிறப்பு யாதெனில், பின்வரும் கைவினைஞன் பார்த்துச் செய்யும்படி அளவுகளையும் செய்முறையையும் எழுதிவைத்தது. அவ்வாறு எழுதியதனாலன்றோ, 1976இல் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை இலண்டனில் மீண்டும் செய்ய முடிந்தது! நம் மாணவரின் துணிப்பைச் சீட்டுகளை நாம் மதிப்பது இக்காரணத்தாலேயே.

இனி, எங்களுக்குள் எழுந்த வழக்கைக் கூறுவோம். வண்டியின் பெட்ரோல் டேங்க்கில் ஓரிடத்தில் நெளிவு, வண்ணம் மங்கியிருக்கிறது. ஆயினும், ஆலையில் கைத்தேர்ந்தவர் தூரிகையால் இழுத்த பொன்வரி பாதிக்கு மேல் எஞ்சி நிற்கிறது. அதனைச் சுரண்டிப் புது வண்ணம் பூசிப் பளபளக்கச் செய்யவேண்டும் என்பது மாணவரின் நண்பர்கள் கருத்து. நாம் மறுத்தோம். வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தின் மராமத்துக்கே என்பது ஃபிக்ஹு நூல்களிலுள்ள சட்டம். அம்மராமத்தின் நோக்கம் சொத்து நிலைத்திருப்பதேயன்றி, அதை வேறொன்றாக்குவதன்று. அரசாங்கமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சட்டகமும் இஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் அசல் வடிவில் பேணப்படும் வண்டியே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு மட்டும் அதனைப் பயன்படுத்தலாகாது.

பக்கத்து வீட்டு நெசவாளர் முதியவரும் வழக்கில் வந்து சேர்ந்தார். பட்டிழையில் வெள்ளிக்கம்பி சுற்றிப் பொன்முலாம் ஏற்றுவது அசல் சரிகை. பழம்புடவைகளை வாங்க வருவோர் அவ்வெள்ளிக்காகவே புடவையை எரித்துவிடுகின்றனர். “எத்தனை நாள் நெய்தது என்று நெருப்புக்குத் தெரியுமா, பாய்?” என்று கேட்டார் அவர். பழைய வண்டிகளும் இரும்பு விலைக்கு எடைபோடப்பட்டு இவ்வாறே போயின. டேங்க்கை என்ன செய்வதென்று மாணவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று இஞ்சினை மட்டும் ஓட்டிக் காட்டினார். டீகம்ப்ரஷர் பிடியை அழுத்திக் கிக்கரை மெல்ல இறக்கி, ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நின்றதும் ஓங்கி மிதித்தார். மூன்றாம் மிதியில் உயிர் வந்தது. அதற்குள் மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கவே, அணைத்துவிட்டுக் கைகளை நீட்டினார். “ஹஜ்ரத், இந்தக் கிரீஸோடு உளூ கூடுமா?” என்றார். நீர் தோலிற் படுவதைத் தடுக்கும் படலத்தை நீக்கியே ஆகவேண்டும், நிறம் மட்டும் எஞ்சினால் குற்றமில்லை என்றோம். மரத்தூளையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றார், நாமும் பின்தொடர்ந்தோம்.