தமிழ் இணையத்தள விளம்பர வருமானம்: பார்வை எண்ணிக்கை மட்டும் போதாது

இணையத்தளத்தில் செய்திக்கு மேலும் நடுவிலும் பெட்டி பெட்டியாகத் தெரிபவை காட்சி விளம்பரங்கள். 1994 அக்டோபர் 27ஆம் தேதி ‘ஹாட்வயர்டு’ என்ற அமெரிக்கத் தளத்தில் ஏடி அண்ட் டி உள்ளிட்ட நிறுவனங்களின் பதாகைகள் வந்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அப்போது செய்தித்தாளைப் போலவே இடத்துக்கு ஒரு விலை பேசி விற்றனர். இப்போது பெரும்பாலும் ஏலம்தான். வாசகர் பக்கத்தைத் திறக்கும் கணத்துக்குள் ஏலம் முடிந்து, வென்ற நிறுவனத்தின் விளம்பரம் திரையில் வந்துவிடுகிறது. ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்பது விலைக் கணக்கு.

அந்த ஆயிரத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “எங்கள் தளத்துக்கு மாதம் 100,000 பார்வை” என்று ஒருவர் சொன்னால், அதை மட்டும் வைத்து அவருடைய வருமானத்தைச் சொல்ல முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, படிப்பவர் எங்கே இருக்கிறார் என்பது. தளம் சிங்கப்பூரில் இயங்கினாலும் ஏலம் வாசகர் இருக்கும் ஊரைப் பொறுத்தே நடக்கும். தேக்கா காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒருவர் கைப்பேசியில் செய்தி படித்தால், அவருக்காக வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம், காப்புறுதி, வெளியூருக்குப் பணம் அனுப்பும் சேவை எனப் பலர் போட்டியிடலாம். அதே செய்தியை மதுரையிலோ நுவரெலியாத் தோட்டத்திலோ ஒருவர் திறந்தால், அங்குள்ள விளம்பரதாரர்கள் அங்குள்ள வாங்கும் சக்திக்கு ஏற்பத்தான் விலை கேட்பார்கள். விலை பல மடங்கு இறங்கிவிடும். தமிழ்நாட்டுத் திரைப்படச் செய்தியைப் போட்டுப் பார்வையைக் கூட்டும் உள்ளூர்த் தளங்கள், மாதக் கடைசியில் வந்த தொகையைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது, மொழி. கூகலின் ஆட்சென்ஸ் 2003ல் தொடங்கியது. அதில் தமிழுக்கு இடம் கிடைத்தது 2018 பிப்ரவரியில். இந்தி 2014லேயே நுழைந்துவிட்டது. இடைப்பட்ட 15 ஆண்டுகள் தமிழிலேயே எழுதியவர்களுக்கு அந்த வாசல் அடைத்தே இருந்தது. அனுமதி வந்த பிறகும், தமிழ்ப் பக்கத்தில் காட்டவென்று விளம்பரம் தயாரிக்கும் நிறுவனங்கள் குறைவு. போட்டியாளர் குறைந்தால் ஏல விலையும் ஏறாது.

சிங்கப்பூரில் இந்த இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. ஊர் விலையைக் கூட்டுகிறது, மொழி குறைக்கிறது. போதாததற்கு ஆள் எண்ணிக்கையும் சிறியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கும் அதற்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. 2010ல் அது 3.3 விழுக்காடு. உள்ளூர் வாசகரை மட்டும் நம்பும் ஒரு தமிழ்த் தளம் ஏலத்தால் மட்டும் பிழைப்பது கடினம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதும் கணக்கில் வரும். வீடு வாங்குதல், கடன், கல்வி, பயணம் பற்றிய பக்கங்களுக்கு விலை அதிகம். விபத்து, கொலைச் செய்திகளுக்கு அருகில் தங்கள் பெயர் வருவதைப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. காலமும் உண்டு. தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை விளம்பரச் செலவு ஏறும், ஜனவரியில் சட்டென்று விழும். டிசம்பர் வரவை நம்பிப் புதிதாக ஆள் சேர்ப்பது நல்லதல்ல.

விளம்பரப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதில் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். பெட்டி கூடினால் காசு கூடும் என்பது பாதிதான் உண்மை. விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு வினாடியாவது திரையில் தெரிந்தால்தான் அது ‘பார்க்கத்தக்கது’ என்பது துறையின் அளவுகோல். யாரும் இறங்கிப் பார்க்காத அடிப்பக்கத்தில் பத்துப் பெட்டி வைத்தால் தளம் மெதுவாகும், விலையும் சரியும். 2018 முதல் கூகலின் குரோம் உலாவி, திரையை மறைத்துத் தொல்லை தரும் விளம்பரங்கள் நிறைந்த தளங்களில் விளம்பரங்களையே தடுக்கத் தொடங்கியது.

விளம்பரதாரர் கொடுக்கும் ஒரு வெள்ளி முழுதாகத் தளத்துக்கு வருவதும் இல்லை. கூகல் தரும் கணக்கின்படி, அதன் வழியே வாங்கி ஆட்சென்சில் காட்டப்படும் விளம்பரங்களில் தளத்துக்குச் சேர்வது ஏறத்தாழ 68 காசு. இடைத்தரகர்கள் கூடினால் இன்னும் குறையும். பிரிட்டனில் 2020ல் வெளியான ஆய்வொன்றில், விளம்பரப் பணத்தில் 51 விழுக்காடே பதிப்பாளர்களைச் சேர்ந்தது தெரியவந்தது. 15 விழுக்காடு எங்கே போனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. விளம்பரச் சந்தையில் கூகல் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியதாக 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

பார்வைக்குக் காசு என்ற ஏற்பாட்டின் ஆபத்தையும் சிங்கப்பூர் கண்டிருக்கிறது. 2015 தைப்பூச ஊர்வலத்தின்போது காவல்துறைக்கும் சிலருக்கும் இடையே மூண்ட தகராற்றுக்கு, மேளச் சத்தம் பற்றி ஒரு பிலிப்பினோ குடும்பம் புகார் செய்ததே காரணம் என்று ‘தி ரியல் சிங்கப்பூர்’ என்ற தளம் எழுதியது. அது கட்டிய கதை. வெளிநாட்டவர் மீதான வெறுப்பைத் தூண்டும் அத்தகைய பதிவுகளால் தளத்துக்குக் கூட்டம் வந்தது, கூட்டத்தால் காசு வந்தது. 2013 டிசம்பர் முதல் 2015 ஏப்ரல் வரையிலான 17 மாதங்களில் விளம்பரத்தில் 470,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டப்பட்டதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2015 மே மாதம் ஊடக மேம்பாட்டு ஆணையம் தளத்தை மூட வைத்தது. நடத்திய கணவன் மனைவி இருவருக்கும் மறு ஆண்டு, தேச நிந்தனைக் குற்றத்துக்காக 8 மாதமும் 10 மாதமும் சிறைத் தண்டனை கிடைத்தது. பொறுப்பாக எழுதும் சமூகத் தளம் எதுவும் விளம்பரத்தில் அவ்வளவு சம்பாதித்திருக்குமா என்பது சந்தேகமே.

பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதாக இல்லை. தமிழ் முரசு உள்ளிட்ட நாளிதழ்களை வெளியிட்ட எஸ்பிஎச் நிறுவனத்தின் ஊடகப் பிரிவு, 2020 நிதியாண்டில் முதன்முறையாக $11.4 மில்லியன் நட்டம் கண்டது. பின்னர் அது லாப நோக்கமற்ற அமைப்பாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுக்கு $180 மில்லியன் வரை ஐந்தாண்டுகளுக்கு ஆதரவு தருவதாக அரசாங்கம் 2022ல் அறிவித்தது.

சிறிய தளங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது நேரடி விற்பனை. சிராங்கூன் சாலை நகைக்கடையோ கேம்பல் லேன் துணிக்கடையோ தீபாவளி மாதத்துக்கு ஓர் இடத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், இடைத்தரகருக்குப் பங்கு போகாது. கடைக்காரர் கேட்பது உள்ளூர் வாசகர் எத்தனை பேர் என்பதைத்தான். மதுரைப் பார்வைகள் அவருக்கு வேண்டாம்.

ஆட்சென்ஸ் வைத்திருப்போர் நண்பர்களிடம், “விளம்பரத்தைத் தட்டிவிடுங்கள்” என்று கேட்பது விதிமீறல். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. சேராத மாதத்தின் தொகை அடுத்த மாதத்துடன் கூட்டப்படும்.